இடைநிறுத்தப்பட்ட அனுமதிப்பத்திரமும் நீதிமன்றப் படியேறும் மலையக இளைஞரும்

ஹட்டன், நுவரெலியா நீதவான் நீதிமன்றங்களில் மோட்டார் வாகன வழக்குகள் புதியவை அல்ல. அதிக வேகம், தலைக்கவசமின்மை, மதுபோதை என்று அவற்றின் வகை பலவாகும். இவற்றுள் அதிகம் பேசப்படாத, ஆனால் ஓர் இளைஞனின் வாழ்வைத் தடம் புரளச் செய்யக்கூடிய ஒரு வகை உண்டு. சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்ட பின்னரும், அல்லது பொலிஸார் வசமிருக்கும் அனுமதிப்பத்திரத்திற்குப் பதிலாக வழங்கப்பட்ட தற்காலிகப் பத்திரம் காலாவதியான பின்னரும், வாகனத்தைச் செலுத்திப் பிடிபடுவதே அதுவாகும். முதல் தவறு சிறியதாக இருந்திருக்கலாம். இரண்டாவது தவறு அதனை வழக்காகவும், சில வேளைகளில் பிடியாணையாகவும், இறுதியில் சிறைவாசமாகவும் மாற்றிவிடுகிறது. இவ்விடயத்தில் சட்டம் கூறுவது யாது, நீதிமன்றத்தில் நடைபெறுவது யாது, மலையகத் தோட்டப்புற இளைஞர் இதில் ஏன் எளிதாகச் சிக்குகின்றனர் என்பவற்றைத் தொகுத்து நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

வாகனம் இன்று வாழ்வாதாரம்

தோட்டத் தொழிலை மட்டுமே நம்பியிருந்த தலைமுறை மறைந்து வருகின்றது. கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் விட்டு வெளியேறும் இளைஞர்களுக்கு முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் முதல் மூலதனமாக அமைந்துள்ளன. பெரும்பாலானோர் இவற்றைத் தவணைக் கடனிலேயே பெறுகின்றனர். மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, இராகலை போன்ற பகுதிகளில் பிரதான வீதியிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே அமைந்துள்ள தோட்டப் பிரிவுகளுக்குப் பஸ் சேவை அரிதாகும். பிரசவ வேதனையில் துடிக்கும் தாயையும், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் அயலிலுள்ள முச்சக்கர வண்டியே.

எனவே, 'அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் வாகனத்தை எடுக்காதே' என்று கூறுவது எளிது, கடைப்பிடிப்பது எளிதன்று. தவணைப் பணம் கட்டும் நாள் நெருங்கும்போது, வாகனத்தை வீட்டு வாசலில் நிறுத்திவைத்துப் பார்த்துக் கொண்டிருக்க எந்த இளைஞனின் மனமும் ஒப்புவதில்லை. இந்த நெருக்கடியை உணராமல் இவ்விடயத்தைப் பேசுவதில் பொருளில்லை. அதேவேளை, இந்த நெருக்கடி குற்றத்திற்கான விளக்கமாகலாமே தவிர, அதற்கான அனுமதியாகி விடாது என்பதையும் தெளிவாகக் கூறியாக வேண்டும்.

சட்டம் கூறுவது

இலங்கையின் வீதிப் போக்குவரத்தை ஆளும் அடிப்படைச் சட்டம், 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். இச்சட்டத்தின் 123 ஆம் பிரிவு, செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரமின்றி எவரும் வாகனம் செலுத்துதலாகாது என விதிக்கின்றது. அத்துடன் அது நின்றுவிடவில்லை. அனுமதிப்பத்திரமற்ற ஒருவரை வாகனம் செலுத்துவதற்கு வேலைக்கு அமர்த்துவதையும் அனுமதிப்பதையும் அதே பிரிவு தடை செய்கின்றது. ஆகவே, சாரதியுடன் சேர்த்து உரிமையாளரும் கூண்டில் ஏற நேரிடலாம்.

2019 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம், பாரதூரமானவை எனக் கருதப்பட்ட சில குற்றங்களுக்கான தண்டப்பணத்தைப் பன்மடங்காக உயர்த்தியது. அனுமதிப்பத்திரமின்றி வாகனம் செலுத்துவதும், அத்தகையவரைச் சாரதியாக அமர்த்துவதும், மதுபோதையில் செலுத்துவதும் இவற்றுள் அடங்கும். இவற்றுக்கான ஆகக் குறைந்த தண்டம் 25,000 ரூபாவாகும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் இது 19 நாட் கூலிக்குச் சமமாகும். 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்ட 1,750 ரூபாவைக் கொண்டு நோக்கினாலும், இரண்டு வார உழைப்பு முழுவதும் தண்டமாகவே போய்விடும்.

நான்கு நிலைகள்

'லைசன்ஸ் இல்லை' என்று பொதுவாகக் கூறப்படும் சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. இவற்றைப் பிரித்தறியாமையே பல இளைஞர்களைச் சிக்கலில் தள்ளுகின்றது.

முதலாவது, அனுமதிப்பத்திரத்தை ஒருபோதும் பெறாத நிலை. 18 வயது நிறைவடையாதவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கப்படுவதில்லை. பாடசாலை மாணவனிடம் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுக்கும் தந்தை இதனை மறந்துவிடுகிறார்.

இரண்டாவது, பெற்ற பத்திரம் காலாவதியான நிலை. இலகுரக வாகனங்களுக்கான பத்திரம் பொதுவாக 8 வருடங்களுக்கும் கனரக வாகனங்களுக்கான பத்திரம் 4 வருடங்களுக்கும் செல்லுபடியாகும். பத்திரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் திகதியைப் பார்க்காமலே ஆண்டுக்கணக்கில் வாகனம் ஓட்டுவோர் உளர்.

மூன்றாவது, பத்திரம் பொலிஸார் வசமிருக்கும் நிலை. சிறு குற்றங்களுக்குத் தண்டப்பணச் சீட்டு வழங்கப்படும்போது பொலிஸார் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு தற்காலிகப் பத்திரத்தைத் தருகின்றனர். அதன் ஆயுள் 14 நாட்களாகும். அந்தக் காலத்திற்குள் வாகனம் செலுத்தத் தடையில்லை. தண்டப்பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைக் காட்டினால் பத்திரம் திரும்பக் கிடைக்கும். 14 நாட்கள் கடந்துவிட்டால் தண்டம் இரு மடங்காகின்றது. 28 நாட்கள் கடந்தும் செலுத்தப்படாவிட்டால் விடயம் நீதிமன்றத்திற்குச் செல்கின்றது. 15 ஆவது நாள் முதல் அந்தத் தற்காலிகப் பத்திரம் வெறும் கடதாசியே என்பதை நம்மவர் பலர் அறியார்.

நான்காவது, நீதிமன்றமோ அதிகாரமுள்ள அலுவலரோ பத்திரத்தை இடைநிறுத்திய அல்லது இரத்துச் செய்த நிலை. மதுபோதையில் வாகனம் செலுத்துதல், கவனயீனத்தால் விபத்தை ஏற்படுத்துதல் போன்ற குற்றங்களில் தண்டப்பணத்துடன் இடைநிறுத்தமும் விதிக்கப்படுவதுண்டு. இடைநிறுத்தம் குறித்த காலத்திற்குரியது. இரத்து என்பது பத்திரமே இல்லாமற் போவது. இரண்டிலும், குறித்த காலத்தில் சக்கரத்தின் பின்னால் அமரும் உரிமை அறவே கிடையாது. பத்திரம் தொலைந்துவிட்டதாகப் பொய் முறைப்பாடு செய்து பிரதியொன்றைப் பெற முயல்வது, ஒரு குற்றத்தின் மேல் இன்னொரு குற்றத்தை ஏற்றிக்கொள்வதாகும்.

நான்காவது நிலையில் பிடிபடுபவரை நீதிமன்றம் ஏனையோரைப் போல் நோக்குவதில்லை. அனுமதிப்பத்திரம் பெறாதவர் சட்டத்தை அலட்சியம் செய்தவர். இடைநிறுத்தப்பட்ட பின் ஓட்டுபவரோ நீதிமன்றத்தின் கட்டளையையே அலட்சியம் செய்தவர். தண்டனையை விதிக்கும் நீதவானின் பார்வையில் இவ்வேறுபாடு சிறியதன்று.

தபாலகமும் தூரமும்

மூன்றாவது நிலையிலிருந்து ஒருவர் எவ்வாறு வழக்குக்குத் தள்ளப்படுகிறார் என்பதை நோக்குவோம். தண்டப்பணத்தைத் தபாலகத்தில் செலுத்துவதே நீண்டகால நடைமுறையாகும். தோட்டத்திலிருந்து தபாலகம் தூரம். தபாலகம் திறந்திருக்கும் நேரமோ வேலை நேரம். பணமோ சம்பள நாள் வரை கையில் இல்லை. பதினான்கு நாட்கள் எப்போது முடிந்தன என்பதை எவரும் நினைவூட்டுவதில்லை. இரு மடங்கான தொகையைக் கண்டதும், 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்ற எண்ணம் தலைதூக்குகின்றது. அதற்கிடையில் வாகனம் ஓடிக்கொண்டே இருக்கின்றது.

2025 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட 'கவ்பே' இணையவழிக் கொடுப்பனவு முறையின் ஊடாகப் போக்குவரத்துத் தண்டங்களைச் செலுத்தும் வசதி படிப்படியாக அறிமுகப்படுத்தப்பட்டமை வரவேற்கத்தக்கது. எனினும், கைத்தொலைபேசிச் சமிக்ஞையே மலை முகட்டில் நின்றால்தான் கிடைக்கும் தோட்டப் பிரிவுகள் இன்னமும் உள்ளன. வங்கிக் கணக்கை இணையத்தின் ஊடாக இயக்கும் பழக்கமும் எல்லோருக்கும் இல்லை. புதிய வசதி பழைய தடையை நீக்கிவிட்டது என்று கருதுவதற்குக் காலம் இன்னும் கனியவில்லை.

மொழி எனும் இரண்டாவது தடை

நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். 1999 ஆம் ஆண்டு நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. இருந்தும், வீதியில் வழங்கப்படும் சீட்டும் நீதிமன்றத்திலிருந்து வரும் அறிவித்தலும் பெரும்பாலும் சிங்களத்திலேயே நிரப்பப்படுகின்றன. அதில் எழுதப்பட்ட திகதி வழக்குத் தவணையா, தண்டம் கட்ட வேண்டிய கடைசி நாளா என்று அறியாமல், அயலவரிடம் வாசிக்கக் கொடுத்து விளங்கிக்கொள்ள வேண்டிய நிலையில் இளைஞர் உள்ளனர்.

இங்கு அரசியலமைப்பு வழங்கும் ஓர் உரிமையை எடுத்துரைப்பது அவசியமாகும். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகளாகும். வடக்கு, கிழக்கிற்கு வெளியே நீதிமன்றப் பதிவுகளும் நடவடிக்கைகளும் சிங்களத்தில் நடைபெற்றாலும், அம்மொழியில் பரிச்சயமற்ற ஒருவர் மொழிபெயர்ப்பைப் பெறுவதற்கு உரித்துடையவர். அந்த மொழிபெயர்ப்பை வழங்குவது அரசின் பொறுப்பு. அது சலுகையன்று; உரிமை. 'எனக்குத் தமிழில் விளங்கப்படுத்துங்கள்' என்று நீதவான் முன் பணிவாகக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. குற்றச்சாட்டு விளங்காமலே தலையசைத்துவிட்டு, பின்னர் 'நான் அதை ஒப்புக்கொள்ளவில்லையே' என்று வருந்துவதால் பயனில்லை.

நீதிமன்றத்தில் நடப்பது

வழக்குத் தவணையன்று சமுகமளிப்பதே முதலாவதும் முக்கியமானதுமான கடமையாகும். சமுகமளிக்கத் தவறினால் நீதவான் பிடியாணை பிறப்பிக்கலாம். பயத்தாலோ, ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற கவலையாலோ நீதிமன்றத்தைத் தவிர்ப்பவர், தண்டப்பணத்துடன் முடியக்கூடிய விடயத்தைக் கைது வரை இழுத்துச் செல்கிறார். சுகவீனம் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருப்பின், மருத்துவச் சான்றிதழுடன் சட்டத்தரணி ஒருவர் ஊடாக நீதிமன்றத்திற்கு அறிவிக்க வேண்டும்.

குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும் சந்தேகநபர் குற்றவாளியா, சுற்றவாளியா எனக் கேட்கப்படும். குற்றத்தை ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் அன்றே தண்டனை விதிக்கப்படும். சுற்றவாளி என்றால் விசாரணைக்குத் திகதி குறிக்கப்படும். தண்டனைக்கு முன்னர், குறைத்துத் தருமாறு கோருவதற்கு இடமுண்டு. முதற் குற்றமா, குடும்பத்தின் ஒரே உழைப்பாளியா, நிலுவையிலிருந்த தண்டம் இதற்கிடையில் செலுத்தப்பட்டுவிட்டதா, விபத்தோ காயமோ ஏற்படவில்லையா என்பன அப்போது எடுத்துக் கூறத்தக்கவை. செலுத்திய பற்றுச்சீட்டு, வேலைக்கான கடிதம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது நன்று. சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டம் விதிக்கப்பட்டிருக்கும் இடத்தில் நீதவானின் கருணைக்கும் எல்லையுண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோருக்கு, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான சட்ட உதவி ஆணைக்குழு உள்ளது. அதன் பிராந்திய நிலையங்களை வழக்குத் தவணைக்கு முன்னரே நாடுவது பயன் தரும். நீதிமன்ற வாயிலில் நின்று, 'உள்ளே எனக்கு ஆளிருக்கிறது' என்று பணம் பறிக்கும் இடைத்தரகர்களிடம் கொடுக்கும் காசு ஆற்றில் போட்ட காசே.

தண்டப்பணத்தை உடனே செலுத்த இயலாவிடின் கால அவகாசம் கோரலாம். இதனைக் கேட்கத் தெரியாததால் மட்டுமே சிறைக்குச் செல்வோர் உளர். இலங்கைச் சிறைகளுக்கு அனுப்பப்படும் தண்டனைக் கைதிகளில் கணிசமானோர் தண்டம் செலுத்த இயலாதோரே என்பது நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டப்பட்டு வரும் அவலமாகும். 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், உரிய வழக்குகளில் சிறைக்குப் பதிலாகச் சமுதாய சேவையில் ஈடுபடுத்தும் கட்டளையை வழங்க நீதிமன்றத்திற்கு இடமளிக்கின்றது. இளம் வயதினரின் வழக்குகளில் இந்த ஏற்பாடு மேலும் பரவலாகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது எமது கருத்தாகும்.

கண்டிப்பு ஏன் தேவை

இவ்வளவும் கூறுவதால், சட்டம் தளர வேண்டும் என்று நாம் வாதிடுவதாக எவரும் கருதலாகாது. இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். மலைநாட்டு வீதிகளோ மன்னிக்கும் இயல்பற்றவை. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வேன் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்ததில் 20 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விபத்துகளுக்கு அனுமதிப்பத்திரப் பிரச்சினை காரணம் என்று நாம் கூறவில்லை. செங்குத்தான இறக்கமும் கொண்டையூசி வளைவும் மூடுபனியும் நிறைந்த வீதியில் ஒரு கணத் தவறு எத்தனை உயிர்களைக் காவுகொள்ளும் என்பதையே அவை உணர்த்துகின்றன. அத்தகைய வீதியில், மதுபோதைக்காகவோ கவனயீனத்திற்காகவோ தடை செய்யப்பட்ட ஒருவர் மீண்டும் பயணிகளை ஏற்றுவதைச் சமூகம் சகித்துக்கொள்ள முடியாது.

காப்புறுதியும் இங்கு முக்கியமானது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாகும். ஆயினும், செல்லுபடியான அனுமதிப்பத்திரமற்றவர் செலுத்திய வாகனம் விபத்துக்குள்ளானால், காப்புறுதி நிறுவனம் உரிமையாளரின் கோரிக்கையை நிராகரிப்பதற்குக் காரணம் உருவாகின்றது. கடனில் வாங்கிய வண்டியும் போய், கடனும் நின்று, காயமடைந்தவரின் நட்டஈடும் தலைமேல் விழும் நிலை ஒரு குடும்பத்தை ஒரு தலைமுறைக்கு முடக்கிவிடும். 'தோட்டத்துப் பாதைதானே' என்ற சமாதானமும் காப்பாற்றாது. பொதுமக்கள் வந்துபோகும் வழிகளில் விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படுபவரும் நம்மவரே.

இருவரையும் ஒன்றாக நோக்கலாகாது

சட்டம் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆனால் யார் மீது என்பதை அது பிரித்தறிய வேண்டும் என்பதே இவ்விடயத்தில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும். குடிபோதையில் செலுத்தியதால் தடைசெய்யப்பட்டு, தடையை மீறி ஓட்டுபவர் ஒருவர். சிறு தண்டத்தை உரிய நாளில் கட்ட இயலாமல், தற்காலிகப் பத்திரம் காலாவதியான நிலையில் ஓட்டுபவர் இன்னொருவர். முன்னவர் ஆபத்தானவர். பின்னவர் வறியவர். இருவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

உலக அனுபவமும் இதனையே காட்டுகின்றது. பிரித்தானியாவில் 1995 ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் பெற்ற முதல் இரு ஆண்டுகளுக்குள் 6 தண்டப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்பவர் பத்திரத்தை இழந்து மீண்டும் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். தடையை மீறி ஓட்டுவோருக்கு அங்கு சிறைத்தண்டனையும் உண்டு. ஆபத்தான ஓட்டத்தின் மீது அவர்கள் காட்டும் கண்டிப்பு அது. மறுபுறத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் தண்டப்பணம் செலுத்தாமைக்காக மட்டும் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் நடைமுறையை 2017 ஆம் ஆண்டு கைவிட்டது. பத்திரத்தைப் பறித்தால் வேலை போகும், வேலை போனால் தண்டம் கட்ட வழியிராது என்ற எளிய உண்மையே அதற்கு அடிப்படையாகும். இலங்கையிலும் 2009 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சாரதிகளுக்கான புள்ளி முறைக்கு வழிவகுத்தது. அது சட்டப் புத்தகத்திலிருந்து வீதிக்கு வருவதற்கு நேர்ந்த நீண்ட தாமதம், கண்டிப்பும் நியாயமும் ஒருங்கே கிட்டும் வாய்ப்பைத் தள்ளிப்போட்டது.

செய்யக்கூடியவை

தண்டப்பணச் சீட்டு இருமொழிப் பிரதேசங்களில் தமிழிலும் நிரப்பப்பட வேண்டும். 14 ஆம், 28 ஆம் நாட்களின் திகதிகள் அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். நுவரெலியா, ஹட்டன் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை நிலவ இடமளிக்கலாகாது. சம்பள நாளை அண்டிய திகதிகளில் தோட்டங்களுக்கு நடமாடும் சேவைகளை நடத்தும்போது, தண்டம் செலுத்தவும் பத்திரத்தைப் புதுப்பிக்கவும் வசதி செய்து கொடுக்கலாம். எழுத்துப் பரீட்சைக்குத் தமிழில் தோற்றலாம் என்பதை அறியாமலே பத்திரமின்றி ஓட்டும் இளைஞருக்குத் தோட்டச் சனசமூக நிலையங்களும் வாலிபர் சங்கங்களும் வழிகாட்டலாம். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையுடன் தமது கடமை முடிந்ததெனக் கருதாமல், உறுப்பினரின் பிள்ளைகளுக்குச் சட்ட ஆலோசனையையும் வழங்கலாம்.

பெற்றோருக்கும் வாகன உரிமையாளருக்கும் கூற வேண்டியது ஒன்றுண்டு. இடைநிறுத்தம் முடியும் வரை வண்டியை வேறொரு செல்லுபடியான பத்திரமுள்ளவரிடம் வாடகைக்கு ஒப்படைத்து, தவணைப் பணத்தையேனும் ஈடுசெய்யலாம். வருமானம் குறையும், ஆனால் வண்டியும் மகனும் மிஞ்சுவர். வெளிநாட்டு வேலைவாய்ப்பை எதிர்பார்த்திருக்கும் இளைஞன், பொலிஸ் நற்சான்றிதழ் கோரப்படும் நாளில் ஒரு பழைய வழக்கு எழுந்து நிற்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு கடதாசியின் பெறுமதியை மலையகத் தமிழரைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை பத்திரங்களுக்காகக் காத்திருந்த சமூகம் இது. அடையாள அட்டைக்காகவும் பிறப்புச் சான்றிதழுக்காகவும் அலைந்த அந்தப் பாட்டன் பாட்டியரின் பேரப்பிள்ளைகள், முயன்று பெற்ற அனுமதிப்பத்திரத்தை ஒரு மாதக் கவனயீனத்தால் இழக்கலாகாது. இழந்துவிட்டால், அதைச் சட்டப்படி மீளப் பெறும் வரை சாவியைத் தொடாதிருக்கும் மனவுறுதியும் அவர்களுக்கு வேண்டும். அந்த வழியை அவர்களது மொழியில், அவர்களது எட்டும் தூரத்தில் திறந்து வைப்பது அரசின் கடமையாகும்.